பதவி மாறும்போது பணி நிற்கலாமா?



அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு காரியமாகப் போய்த் திரும்புகிறவர்கள் நம் தோட்டப்புறங்களில் அடிக்கடி ஒன்று சொல்லக் கேட்டிருக்கிறோம். “பழைய பெரியவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். அவருக்குக் கீழே இருந்தவர்தான் இப்போது பார்க்கிறாராம். இனி நம் காரியம் நடந்தாற்போலத்தான்!” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தாள்களை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். புதியவர் வந்து நிலைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

இது சரிதானா? ஓர் அலுவலகத்தின் தலைவர் விலகி, அவருடைய துணைவர் அந்த இடத்தில் அமரும்போது, எது கைமாறுகிறது? எது மாறாமல் இருக்கிறது? நாம் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

நமக்குத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்குவோம். ரப்பர்த் தோட்டத்தில் ஒருவர் ஒரே நிரையைப் பல ஆண்டுகள் வெட்டிவருகிறார். எந்த மரத்தில் பட்டை காய்ந்து பால் நின்றுபோயிருக்கிறது, எந்த மரத்தில் வெட்டு அடிமரத்தை நெருங்கிவிட்டது, எந்த மரத்துக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் நோயில் படுத்துவிட்டால் அந்த நிரை வேறொருவரிடம் போகிறது. கத்தியும் வாளியும் கைமாறினால் போதுமா? போதாது. மரங்களைப் பற்றிய விவரமும் கைமாற வேண்டும். விவரம் தெரியாதவர் ஆழமாக வெட்டிவிட்டால் மரத்தில் காயம்படும். அந்தக் காயம் ஆறி, மேடும் பள்ளமுமாகப் பட்டை வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காகப் பால் வெட்ட முடியாது. நிரையை விட்டுப் போனவருக்கு அதனால் நட்டமில்லை. நட்டமெல்லாம் மரத்துக்கும், அதை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கும்தான்.

அலுவலகமும் இப்படித்தான். நாற்காலியையும் சாவியையும் கொடுப்பது எளிது. எந்த மனு எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு என்ன வாக்குறுதி தரப்பட்டது, எதற்குக் கெடு நெருங்குகிறது என்ற விவரத்தைக் கொடுப்பதுதான் உண்மையான ஒப்படைப்பு.

நம் நாட்டிலேயே மிகப் பெரிய அரசாங்கப் பொறுப்பு பிரதமர் பதவி. அது தலைவரிடமிருந்து துணைவருக்கு எப்படிக் கைமாறியது என்பதைப் பார்த்தால், நல்ல ஒப்படைப்பின் இலக்கணம் நமக்கு விளங்கும்.

1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமரானார். துன் அப்துல் ரசாக் துணைப் பிரதமரானார். 1959இல் பொதுத்தேர்தல் வேலைகளைக் கவனிப்பதற்காகத் துங்கு சில மாதங்கள் பதவியிலிருந்து விலகி நின்றார். அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை துன் ரசாக்கே பிரதமராக இருந்தார். தேர்தல் முடிந்ததும் துங்கு திரும்பிவந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வேலையைச் சில காலம் துணைவரிடம் விட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டபோது, நாட்டு நிர்வாகத்தைக் கவனித்த தேசிய நடவடிக்கை மன்றத்துக்கும் துன் ரசாக்தான் தலைவர். ஆகவே, 1970 ஆகஸ்டு இறுதியில் துங்கு தாம் விலகப்போவதை அறிவித்து, செப்டம்பர் 22ஆம் நாள் துன் ரசாக் பிரதமரானபோது, அவர் அந்த வேலைக்குப் புதியவர் அல்லர். பதின்மூன்று ஆண்டுகள் துணைவராக இருந்து பழகியவர்.

அடுத்த மாற்றம் அப்படி அமைதியாக வரவில்லை. துன் ரசாக்கின் துணைவராக இருந்தவர் துன் டாக்டர் இஸ்மாயில். 1973 ஆகஸ்டு மாதம் துன் ரசாக் காமன்வெல்த் மாநாட்டுக்காகக் கனடா சென்றிருந்தார். பிரதமரின் பொறுப்பை இங்கே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இஸ்மாயில் ஆகஸ்டு 2ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். துணைவர் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தபோது துணைவரே போய்விட்டார். அதே மாதத்தில் துன் உசேன் ஓன் துணைப் பிரதமராக நியமிக்கப்பட்டார்.

துன் ரசாக்கின் உடலிலும் இரத்தப் புற்றுநோய் இருந்தது. அது பொதுமக்களுக்குத் தெரியாமலே வைக்கப்பட்டிருந்தது. சிகிச்சைக்காக லண்டன் சென்ற அவர் 1976 ஜனவரி 14ஆம் நாள் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 53. செய்தி கேட்டு நாடே கலங்கியது. ஆனாலும் மறுநாளே, ஜனவரி 15ஆம் நாள், துன் உசேன் ஓன் பிரதமரானார். துக்கம் ஒருபுறம் இருந்தாலும் அரசாங்க வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. 1973இல் காலியான துணைவர் இடத்தை அந்த மாதமே நிரப்பியிருந்ததன் பலன் அப்போதுதான் தெரிந்தது.

துன் உசேன் ஓன் தம்முடைய துணைவராக டாக்டர் மகாதீரை 1976 மார்ச்சில் நியமித்தார். 1981இன் தொடக்கத்தில் உசேன் ஓனுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. உடல் இடங்கொடுக்காது என்று உணர்ந்தவர், பதவியைக் கடைசி மூச்சுவரை பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 1981 ஜூலை 16ஆம் நாள் டாக்டர் மகாதீர் பிரதமரானார். ஒப்படைத்தவர் உயிரோடு இருந்து, வந்தவருக்கு வேண்டிய விவரம் சொல்லக்கூடிய நிலையில் நடந்த மாற்றம் அது.

டாக்டர் மகாதீர் 2002 ஜூன் மாதத்தில் விலகப்போவதாக அறிவித்தார். உடனே போய்விடவில்லை. ஏறத்தாழ பதினாறு மாதங்கள் கழித்து, 2003 அக்டோபர் 31ஆம் நாள், தம் துணைவர் அப்துல்லா அகமது படாவியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அப்துல்லா தம் முறை வந்தபோது, 2008 செப்டம்பரில் நிதி அமைச்சை முதலில் துணைவர் நஜிப்பிடம் கொடுத்தார். 2009 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் பதவியும் கைமாறியது. ஆக, 1970 முதல் 2009 வரை ஐந்து முறை பதவி மாறியது. ஐந்து முறையும் துணைவரே தலைவரானார்.

இதைக் கேட்கும் நேயர்கள், துணைவராக இருப்பவர் தலைவராவது சட்டம் போலும் என்று எண்ணக்கூடும். அப்படி இல்லை. நம் கூட்டரசு அரசியலமைப்பில் துணைப் பிரதமர் என்ற பதவியே குறிப்பிடப்படவில்லை. மக்களவை உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று மாமன்னர் கருதும் ஓர் உறுப்பினரே பிரதமராக நியமிக்கப்படுகிறார். அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு சொல்வது இதுதான். 2020 பிப்ரவரியில் டாக்டர் மகாதீர் இரண்டாம் முறை விலகியபோது துணைப் பிரதமராக இருந்தவர் டாக்டர் வான் அசிசா. ஆனால் மார்ச் 1ஆம் நாள் பிரதமரானவர் முகிதீன் யாசின். 2021 ஆகஸ்டில் முகிதீன் விலகியபோது, அவருடைய துணைவர் இஸ்மாயில் சப்ரி பிரதமரானார். அவரும் துணைவர் என்பதற்காக அல்ல, பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவைக் காட்டிய பிறகே நியமிக்கப்பட்டார்.

ஆகவே துணைவர் என்பது வாரிசுப் பட்டம் அல்ல. வேலையைக் கற்றுக்கொண்டு ஆயத்தமாக இருக்க வேண்டிய பொறுப்பு அது. முறையான நியமனம் கிடைத்த பிறகுதான் அதிகாரம் வருகிறது.

கோலாலம்பூர் ஏரித்தோட்டத்துக்கு அருகில் ‘ஸ்ரீ தாமான்’ என்ற இல்லம் இருக்கிறது. துன் ரசாக் வாழ்ந்த அந்த இல்லம் இப்போது அவருடைய நினைவகம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அது வெகுதூரமில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்கிறவர்கள் அதையும் காட்டி, இந்த வரலாற்றைச் சொல்லலாம்.

சரி, பிரதமர் கதை பெரிய இடத்துக் கதை. நாம் போகிற தொழிலாளர் இலாகாவிலும் பதிவிலாகாவிலும் மாவட்ட அலுவலகத்திலும் என்ன நடக்கிறது?

அங்கே ஒரு தலைவர் இல்லாமற்போவது பொதுவாக மூன்று விதமாக நேர்கிறது. முதலாவது, அவர் விடுமுறையிலோ பயிற்சியிலோ இருப்பது. அப்போது துணைவர் அவருடைய வேலையைச் சேர்த்துப் பார்க்கிறார். இரண்டாவது, அவர் மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ போய், இடம் காலியாக இருப்பது. அப்போது துணைவரைத் தற்காலிகத் தலைவராக இருக்கும்படி உத்தரவு வருகிறது. மலாய் மொழியில் இவரைப் ‘பெமாங்கு’ என்பார்கள். மூன்றாவது, துணைவரோ வேறோர் அதிகாரியோ நிரந்தரமாக நியமிக்கப்படுவது. அரசாங்க ஊழியர்களின் கட்டாய ஓய்வு வயது 2012இல் 60 ஆக உயர்த்தப்பட்டது. ஒருவர் எப்போது ஓய்வுபெறுவார் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. திடீரென்று போய்விட்டார் என்று சொல்ல இதில் இடமில்லை.

போகிறவர் விவரங்களை எழுதிக் கொடுக்கும் தாளுக்கு ‘நோத்தா செரா துகாஸ்’ என்று பெயர். கடமை ஒப்படைப்புக் குறிப்பு என்று நாம் சொல்லலாம். முடிந்த வேலை, முடியாத வேலை, கையிருப்பில் உள்ள பொருள், நெருங்கிவரும் கெடு இவையெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். 1991இல் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, ஒவ்வோர் அலுவலகமும் வேலைமுறைக் கையேடு வைத்திருக்க வேண்டும், ஒவ்வோர் ஊழியரும் தம் வேலையைப் பற்றிய ‘ஃபாயில் மேஜா’, அதாவது மேசைக் கோப்பு வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. 2018இல் அந்த ஏற்பாடு ‘மைபோர்ட்ஃபோலியோ’ என்ற புதிய முறையாக மாற்றப்பட்டது. பெயர் எதுவானாலும் நோக்கம் ஒன்றே. வேலை ஓர் ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கக்கூடாது. அடுத்தவர் எடுத்துப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி தாளில் இருக்க வேண்டும்.

ஆள் மட்டுமா மாறுகிறார்? சில வேளைகளில் அலுவலகமே மாறிவிடுகிறது. 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தவர்கள் வீட்டைவிட்டு ஓர் அடி நகராமலே சிலாங்கூர் மாநிலத்திலிருந்து கூட்டரசுப் பிரதேசத்துக்கு வந்துவிட்டார்கள். கிள்ளான் நகராண்மைக் கழகம் 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. அதன் தலைவரின் பதவிப் பெயர் டத்தோ பண்டார் என்றாயிற்று. அதற்காகப் பழைய வரி இரசீது செல்லாது என்றோ, பழைய மனு இறந்துவிட்டது என்றோ யாரும் சொல்ல முடியாது. அலுவலகத்தின் கடமை தொடர்கிறது.

இதில் நம் பிழைப்பைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. நேயர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒரு தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி மறைந்துபோன தோட்டங்கள் பல. ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டிய நட்ட ஈட்டை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம். இருபது ஆண்டு பால் வெட்டியவருக்கு இந்தக் கணக்குப்படி 400 நாள் சம்பளம் வருகிறது. இது கிடைக்கவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வேண்டும்.

நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் வழக்கு வேறு. மீண்டும் வேலை கேட்டு, 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ்த் தொழில் உறவு இலாகாவிடம் மனுச் செய்ய வேண்டும். அதற்கு வேலைநீக்கத்திலிருந்து 60 நாள்தான் கெடு. “பெரிய அதிகாரி மாறிவிட்டார், புதியவர் வரட்டும்” என்று மூன்று மாதம் காத்திருந்தால் என்ன ஆகும்? புதியவர் வந்திருப்பார், நம் உரிமை போயிருக்கும். சட்டம் எண்ணுவது நாள்களை. நாற்காலியில் யார் இருக்கிறார் என்று பார்த்து அது காத்திருப்பதில்லை.

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, மனுவைப் பதவிக்கு எழுதுங்கள், ஆளின் பெயருக்கு எழுதாதீர்கள். ‘பெங்காரா’, அதாவது இயக்குநர் அவர்களுக்கு என்று இலாகாவின் பெயரோடு எழுதினால், அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் அந்தக் கடிதம் அவரைச் சேரும். ஒருவருடைய பெயருக்கு மட்டும் எழுதினால், அவர் மாற்றலாகிப் போகும்போது கடிதமும் அவர் பின்னாலேயே அலைய நேரிடும்.

இரண்டாவது, அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தின் மேற்பகுதியில் ‘ருஜுக்கான்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் கோப்பின் எண். அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது “பழைய பெரியவர் பார்க்கிறேன் என்றார்” என்று சொல்வதைவிட, இந்த எண்ணைச் சொல்வது பத்து மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, கடிதத்தின் அடியில் தலைவரின் கையெழுத்து இல்லாமல் ‘பி.பி.’ என்று போட்டு வேறொருவர் கையெழுத்திட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். ‘பாகி பிஹாக்’ என்பதன் சுருக்கம் அது. தலைவரின் சார்பாக என்று பொருள். முறைப்படி அதிகாரம் பெற்றவர் இட்ட அந்தக் கையெழுத்து அலுவலகத்தின் கையெழுத்தே.

நான்காவது, எதைக் கொடுத்தாலும் அதன் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதி, சொன்னவரோடு மாற்றலாகிப் போய்விடும். முத்திரை குத்திய தாள் நம்மோடு இருக்கும்.

ஐந்தாவது, “நான் தற்காலிகமாகத்தான் இருக்கிறேன், என்னால் முடிவு செய்ய முடியாது” என்று யாராவது சொன்னால், பணிவாக இரண்டு கேள்வி கேளுங்கள்: “அப்படியானால் யார் முடிவு செய்வார் ஐயா? எந்தத் தேதியில் நாங்கள் வரலாம்?” அமைச்சரோ தலைமை அலுவலகமோ மட்டுமே முடிவு செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. அதைத் துணைவர் செய்ய முடியாதுதான். ஆனால் மனுவைப் பெற்றுக்கொள்ளவும், உரிய இடத்துக்கு அனுப்பி வைக்கவும் தற்காலிக அதிகாரியாலும் முடியும்.

அரசாங்கத்துக்கு மட்டும் பாடம் சொல்லிவிட்டு உரையை முடித்துவிடக் கூடாது. நம் கோயில் நிர்வாகம், பள்ளி வாரியம், தொழிற்சங்கக் கிளை, கூட்டுறவுக் கடை இவற்றை எண்ணிப் பாருங்கள். ஒரே தலைவர் இருபது ஆண்டு இருப்பார். கணக்குப் புத்தகம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். பாங்கிக் கணக்கு எண் அவருக்கு மட்டும் தெரியும். கோயில் நிலத்துக்குத் தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்டால், “அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது” என்பார். உதவித் தலைவர் என்று ஒருவர் இருப்பார். திருவிழாவில் மாலை வாங்கிக்கொள்வதைத் தவிர அவருக்கு ஒரு வேலையும் தரப்பட்டிருக்காது. ஒரு நாள் தலைவர் கண்ணை மூடிவிட்டால், அந்தக் கடிதம் எங்கே என்று தெரியாமல் ஊரே தவிக்கும். தோட்டம் விற்கப்படும்போது நிலத்தைக் காக்க வேண்டிய தாள் அதுவாகவே இருக்கலாம்.

வள்ளுவர் இந்தக் காரியத்தை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்! ஒருவரை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு அடுத்ததாக, தேர்ந்தெடுத்தவரிடம் வேலையை ஒப்படைத்து நடத்துவதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என்று தனியே மற்றோர் அதிகாரம் வைத்தார். நம்மில் பலர் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறோம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம், வேலையை மட்டும் கொடுப்பதில்லை.

ஆண்டுக்கு ஒரு மாதமாவது கூட்டத்தை உதவித் தலைவர் நடத்தட்டும். கணக்கைச் செயலாளரோடு சேர்ந்து அவரும் பார்க்கட்டும். முக்கியமான தாள்களுக்கு இரண்டு நகல் எடுத்து, இருவர் வீட்டில் இருக்கட்டும். பதவியை விடும் நாளில் உறுப்பினர்கள் முன்னிலையில் ஒரு பட்டியல் எழுதி, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திடட்டும். ஒரு மாலை நேரத்தில் செய்து முடித்துவிடக்கூடிய வேலைதான் இது.

அரசாங்க அலுவலகத்தில் காரியம் முடியாமல் இருக்கும் நேயர்கள், இந்த வாரமே அந்தத் தாள்களை எடுத்துக் கோப்பு எண்ணையும் தேதியையும் பாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் உதவட்டும். தலைவர் மாறியிருந்தால் என்ன? புதிதாக அமர்ந்திருப்பவரிடம் அதே எண்ணோடு போங்கள். அவர் பெற்றுக்கொண்டது பதவி மட்டுமன்று, அந்தப் பதவியோடு வந்த கடமையும்தான். உங்கள் மனுவும் அந்தக் கடமையில் சேர்ந்தது.